தளத்தின் சாவி எந்த அலுமாரியில்?

கடிதம் எழுதியவர் ஒரு விஞ்ஞான ஆசிரியை. மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிலிருந்து இறங்கி உள்ளே போகவேண்டிய ஒரு சின்னப் பாடசாலையில் படிப்பிக்கிறார். சொந்த ஊர் யாழ்ப்பாணப் பக்கம். கஷ்டப் பிரதேச சேவைக்கென்று வந்து நாலாவது வருடம் நடக்கிறது. தரம் 9, 10, 11க்கு விஞ்ஞானம் எடுக்கிறார். "ரீச்சரிட்ட லப்டொப் இருக்குத்தானே" என்று சொல்லி, தரம் 6க்கான தகவல் தொழில்நுட்பத்தையும் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு காலமும் பாடக் குறிப்புகளைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டு வந்திருக்கிறார். போன தவணை போட்டதை இந்தத் தவணை தேடினால் கிடைப்பதில்லை. போன் மாற்றிய பெற்றோருக்கு எல்லாமே போய்விடுகிறது. அதனால் வகுப்புக்கென்று ஒரு இணையத்தளம் செய்ய யோசித்திருக்கிறார். கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் செலவைத் தான் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நிறுவனம் முதல் வருடத்துக்கு 85,000 ரூபா என்று விலை எழுதிக் கொடுத்திருக்கிறது. அதில் "அளவில்லாத இடம்" என்றும் இருக்கிறது.

அவருடைய கேள்விகள் இவை. இந்தக் காசு நியாயமா? இலவசமாகச் செய்தால் மதிப்புக் குறைவாகத் தெரியாதா? கூகுளில் வைத்தால் தான் எழுதிய குறிப்பு கூகுளுக்குச் சொந்தமாகிவிடாதா? தவணைப் புள்ளிகளைப் பெயர் இல்லாமல், சுட்டெண் மட்டும் போட்டு வெளியிடலாமா? அந்தப் பழைய மாணவர் கொப்பியும் சப்பாத்தும் கொடுத்த நிகழ்வின் படங்களைத் தளத்தில் போடச் சொல்கிறார், போடலாமா? பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கும் நாலு வருடக் கேள்வித்தாள்களை என்ன செய்வது? கடைசியில், தளத்துக்கு என்ன பெயர் வைப்பது?

இடையில் ஒரு வரி எழுதியிருந்தார்: "தரம் 10இல் 34 பிள்ளைகள். 9 பேருக்கு வீட்டில் போனே இல்லை. மற்றவர்களில் பாதிப் பேருக்கு அப்பா வயலால் வந்த பிறகுதான் போன் கையில் கிடைக்கும்." முழுக் கடிதத்திலும் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

அன்புள்ள ரீச்சருக்கு,

நான் தளங்கள் செய்து கொடுத்துச் சாப்பிடுகிறவன். ஆகவே இன்னொரு தொழில்காரரின் விலையைக் கூடவென்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஒரு கடைக்கோ விடுதிக்கோ அந்த விலை அநியாயம் இல்லை. வடிவமைப்பு வேலைக்கு ஆள் கூலி இருக்கிறது. ஆனால் உங்களுக்குத் தேவையானது குறிப்பும் கேள்வித்தாளும் ஒழுங்காக அடுக்கி வைக்க ஓர் இடம். அதற்கு இந்தக் காசு வேண்டாம். 'முதல் வருடத்துக்கு' என்ற சொல்லைப் பார்த்தீர்களா? இரண்டாவது வருடம் எவ்வளவு என்று அந்தத் தாளில் எங்குமே இல்லை. 'அளவில்லாத இடம்' என்பதும் அப்படித்தான். வழங்கி என்பது தளங்களை வைத்திருக்கும் கணினி. இந்த மாதிரிப் பொது வழங்கிகளில் ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். கோப்புகளின் எண்ணிக்கைக்கும் இயந்திரத்தின் வேலைக்கும் அடியில் சின்ன எழுத்தில் எல்லை போட்டிருப்பார்கள்.

ஆனால் காசைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேறொன்று. கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒரு திகதி இருக்கிறது: உங்கள் இடமாற்றம். இன்னும் ஒன்றோ இரண்டோ வருடத்தில் கடிதம் வரும், நீங்கள் ஊருக்குப் போவீர்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. அன்றைக்கு இந்தத் தளம் என்ன ஆகும்?

முதலில் சாவி

பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் ஒரு பாடசாலைக்குத் தளம் செய்து கொடுத்தேன். நல்ல வடிவான தளம். அதன் முகவரிப் பெயரை (டொமைன்) பழைய மாணவர் ஒருவர் தன்னுடைய மின்னஞ்சலில் பதிந்து, தன்னுடைய வங்கி அட்டையில் காசு கட்டினார். இரண்டு வருடத்தில் அவர் வெளிநாடு போனார், அந்த மின்னஞ்சலைப் பார்ப்பதை விட்டுவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவித்தல்கள் எல்லாம் அங்கேயே கிடந்தன. பெயர் காலாவதியாகி, யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள். ஒருநாள் அதிபர் எனக்குப் போன் எடுத்தார்: "தம்பி, எங்கட கேற்றுப் பலகையில எழுதியிருக்கிறதை அடிச்சா சூதாட்டம் வருது." பலகையில் அந்த வரியின் மேல் வெள்ளைப் பெயின்ற் பூசியதோடு கதை முடிந்தது. பாதிப் பிழை என்னுடையது. யாருடைய பெயரில் பதிகிறோம் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே எந்தக் கருவியில் செய்தாலும், உங்கள் சொந்த ஜிமெயிலில் தொடங்காதீர்கள். பாடசாலையின் பெயரில் புதிதாக ஒரு கணக்கு திறவுங்கள். மீட்பு மின்னஞ்சலாக அதிபருடையதையும், மீட்பு இலக்கமாகப் பாடசாலையின் கைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். அது உங்கள் சிம் இலக்கமாக இருக்கக் கூடாது. இரண்டு படி உள்நுழைவை இயக்கினால் கூகுள் பத்து மாற்றுக் குறியீடுகள் தரும். அவற்றை அச்சடித்து, கடவுச்சொல்லையும் எழுதி, ஓர் உறையில் போட்டு ஒட்டி, அதிபரின் அலுமாரியில் வையுங்கள். லொக் புத்தகத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அடுத்து வருகிற அதிபர் லொக் புத்தகத்தைத்தான் புரட்டுவார், உங்கள் வட்ஸ்அப்பை அல்ல.

இன்னொன்று. இரண்டு வருடம் யாருமே உள்நுழையாத கணக்கை அழிக்கலாம் என்று கூகுள் 2023இல் விதியை மாற்றியது. தவணைக்கு ஒருமுறையாவது யாராவது உள்ளே போய்வந்தால் போதும். தளத்தைத் திருத்தும் உரிமையை உங்களோடு இன்னும் இரண்டு பேருக்குக் கொடுங்கள். அதில் ஒருவராவது அந்த ஊர்க்காரராக இருக்கட்டும்.

2009க்குப் பிறகு பழைய சேர்வு இடாப்பே இல்லாமல் நிற்கும் பாடசாலைகளை வன்னியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் ஒரு பிரதி எப்போதும் வேறொரு கட்டடத்தில் இருக்கவேண்டும் என்பது எனக்கு ஒரு பிடிவாதம். குறிப்புகளின் மூலக் கோப்புகளை பென்ட்ரைவ் ஒன்றில் போட்டு இன்னொருவர் வீட்டில் வையுங்கள்.

எதில் செய்வது

உங்களுக்கு நான் சொல்வது கூகுள் சைட்ஸ். இலவசம், விளம்பரம் வராது, போனில் பார்த்தால் தானாகவே ஒடுங்கி நிற்கும். தரம் வாரியாக, அலகு வாரியாகப் பக்கங்களை அடுக்கலாம். சிறு வினாப் பத்திரத்தை கூகுள் படிவத்தில் செய்து உள்ளே ஒட்டலாம். பிள்ளை விடையளித்ததும் புள்ளி தானாக வரும். ஒரு சாதாரண ஜிமெயில் கணக்குக்குக் கிடைக்கும் 15 ஜிகாபைட் உங்களுக்குப் பத்து வருடத்துக்கும் மிஞ்சும், படங்களைச் சுருக்கிப் போட்டால். குறைகளும் உண்டு. கட்டி எழுப்ப லப்டொப் வேண்டும், போனில் திருத்துவது சிரமம். பிறகு ஒருகாலத்தில் தளத்தை அப்படியே தூக்கி வேறிடத்தில் வைப்பதும் லேசான வேலை இல்லை. மூலக் கோப்புகளைத் தனியே வைக்கச் சொன்னது அதற்கும் சேர்த்துத்தான்.

சைட்ஸில் எல்லோரும் விழும் ஒரு குழி இருக்கிறது. பிடிஎஃப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, தளத்தில் இணைப்புக் கொடுப்பீர்கள். உங்கள் லப்டொப்பில் அழகாகத் திறக்கும். பிள்ளை தட்டினால் 'அனுமதி கேளுங்கள்' என்று வரும். பிள்ளையும் கேட்கும். இரவு பத்து மணிக்கு உங்கள் மின்னஞ்சலில் இருபது கோரிக்கைகள் வந்து நிற்கும். டிரைவில் ஒரு கோப்பு பூட்டியபடிதான் பிறக்கும். 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று நீங்கள்தான் மாற்றவேண்டும். ஒவ்வொரு கோப்பாக மாற்றாமல் ஒரு அடைவையே அப்படித் திறந்துவிட்டு, பிள்ளைகளுக்கானதை மட்டும் அதற்குள் போடுங்கள். புள்ளிப் பட்டியல் இருக்கும் அடைவு வேறாக இருக்கட்டும்.

கூகுளின் வலைப்பதிவுக் கருவியான பிளாகர் பழசு, ஆனாலும் மோசமில்லை. போனிலிருந்தே எழுதலாம். எழுதியதை ஒரே கோப்பாக இறக்கி எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம். ஆனால் புதியது மேலே, பழையது கீழே என்று அடுக்குவதுதான் அதன் பழக்கம். அலகு 1 எப்போதும் அடியிலேயே கிடக்கும். தினமும் வீட்டுவேலை அறிவிக்கிறவருக்கு அது சரி, பாடக் குறிப்புக்குச் சரிவராது.

வேர்ட்பிரஸ்தான் அந்த நிறுவனம் தரப்போவது. மென்பொருள் இலவசம், வல்லமையானது. ஆனால் சொந்த வழங்கியில் வைத்தால் அது ஆடு வளர்க்கிற மாதிரி, நாளாந்தம் பார்க்கவேண்டும். அதையும் அதன் செருகிகளையும் (அதோடு சேர்க்கிற துணை மென்பொருள்கள்) புதுப்பிக்காமல் விட்டால், எப்போதோ ஒருநாள் யாரோ உள்ளே புகுந்து மருந்து விளம்பரம் ஒட்டிவிட்டுப் போவார்கள். நீங்கள் இடமாற்றம் பெற்ற பிறகு யார் அதற்குக் குழை போடுவது?

உங்கள் பாடசாலைக்கு எப்போதாவது கணினியில் ஆர்வமான ஒருவர் வந்தால் கிட்ஹப் பேஜஸ் பற்றிச் சொல்லுங்கள். வெறும் எச்டிஎம்எல் பக்கங்களை இலவசமாக வைக்கலாம், தளம் 1 ஜிகாபைட் வரை இருக்கலாம். பக்கங்கள் பஞ்சு மாதிரி இலேசு, சிக்னல் குறைந்த இடத்திலும் சட்டென்று திறக்கும். எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது இதுதான். ஆனால் எனக்குப் பிடித்ததை, நாலு பாடம் எடுத்துவிட்டுக் களைத்து வருகிற உங்கள் மேல் சுமத்த மனமில்லை.

கூகுள் கிளாஸ்ரூம் வேறு சாமான். அது தளம் அல்ல, ஒப்படை வாங்கித் திருத்திக் கொடுக்கிற இடம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு வேண்டும். 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தானாகச் சாதாரண கூகுள் கணக்குத் திறக்க முடியாது, ஆகவே உங்கள் தரம் 6 அதில் அடிபட்டுப் போகும். பெற்றோர் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுத் திறந்து கொடுப்பார்கள் என்று தெரியும். நீங்கள் அதற்கு வழி காட்டாதீர்கள். உள்நுழையாமல் வாசிக்கக்கூடிய தளமே உங்கள் பிள்ளைகளுக்கு நல்லது.

இலவசம் மதிப்புக் குறைவா என்று கேட்டீர்கள். பிள்ளை வழங்கியின் விலையைப் பார்ப்பதில்லை. அலகு 7 குறிப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்கும். சொந்தமாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். உங்கள் எழுத்து உங்களுடையதே என்று கூகுளின் விதியிலேயே இருக்கிறது. அதைச் சேமித்துக் காட்டுவதற்கு ஒரு அனுமதி மட்டும் கொடுக்கிறீர்கள்.

காசு கொடுத்து வாங்கலாம் என்று நான் சொல்லக்கூடிய ஒன்று முகவரிப் பெயர். இலங்கைக்குரிய 'டொட் எல்கே' பெயர்களைப் பதிகிற எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் பாடசாலைகளுக்கென்றே 'எஸ்சிஎச் டொட் எல்கே' என்று ஒரு வகை இருக்கிறது. விண்ணப்பம் அதிபர் ஊடாக, பாடசாலையின் பெயரில் போகட்டும். அந்தப் பெயரை சைட்ஸோடும் பொருத்தலாம், பிறகு வேறு கருவிக்கு மாறினாலும் அதே பெயர் கூடவே வரும். பாடசாலைக்குச் சொந்தப் பெயர் இருந்தால், கூகுள் பாடசாலைகளுக்கு இலவசமாகத் தரும் கல்விப் பதிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். அது ஒரு ஆசிரியை தனியே இழுக்கிற தேர் அல்ல, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தீர்மானிக்கட்டும். இந்த வருடம் அது இல்லாமலே தொடங்குங்கள்.

அப்பா வயலால் வந்த பிறகு

அந்தப் போனை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அப்பா ரீலோட் போடும்போது அநேகமாக வட்ஸ்அப்புக்கோ முகநூலுக்கோ மட்டுமான பக்கேஜ்தான் போட்டிருப்பார், அதுதான் மலிவு. அந்தப் போனில் வட்ஸ்அப் படம் திறக்கும். உங்கள் தளம் திறக்காது, அல்லது மிச்சக் காசை வெட்டிவிடும். "ரீச்சர், வருகுதில்லை" என்று பிள்ளை சொல்லும், நீங்கள் தளத்தில் பிழை தேடுவீர்கள். ஆகவே வட்ஸ்அப் குழுவைக் கைவிடாதீர்கள். தளம் அலுமாரி, வட்ஸ்அப் தபால்காரர். அலகு முடிந்ததும் பிடிஎஃப்பைக் குழுவிலும் போடுங்கள், தளத்திலும் வையுங்கள்.

கோப்பின் பாரம்தான் அடுத்தது. போனில் எடுத்த ஒரு படம் 3, 4 மெகாபைட் வரும். இருபது பக்கக் குறிப்பைப் படமெடுத்துப் போட்டால் 80 மெகாபைட். அதே படங்களை 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் ஒவ்வொன்றும் 200 கிலோபைட் அளவில் வரும், இருபதும் சேர்ந்து 4 மெகாபைட். எழுத்தாக அடித்தால் இன்னும் குறையும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யுனிகோடில் தமிழுக்கு ஒரு குறிக்கு மூன்று பைட், ஒரு பக்கம் நிறைய எழுதினாலும் பத்துக் கிலோபைட்டைத் தாண்டுவது அபூர்வம். நீங்கள் நாலு இரவு இருந்து அடிக்கிற அடி, 34 வீட்டின் ரீலோட்டில் மிச்சமாகும். வீடியோவைத் தளத்தில் நேரே ஏற்றவே வேண்டாம், யூடியூபில் பட்டியலிடாமல் வைத்து இணைப்பு மட்டும் கொடுங்கள்.

பாமினியும் 'ஊழு2'வும்

பாமினியில் அடித்தது தமிழ் மாதிரித் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று அடித்தால் கணினி அறிந்தது எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளைத்தான். அதற்கு மேல் எழுத்துரு ஒரு தமிழ்ச் சட்டையைப் போட்டுவிடுகிறது. தளத்தில் வெட்டி ஒட்டினால் சட்டை கழன்றுவிடும். பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குச் சரியாக நிற்கும், ஆனால் 'ஒளித்தொகுப்பு' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது.

யுனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. ஆனால் விஞ்ஞான ஆசிரியைக்கு அதில் ஒரு தனிக் கஷ்டம். மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது, எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். காபனீரொட்சைட்டின் சூத்திரம் 'ஊழு2' என்று வரும். சிரிக்காதீர்கள். கொரோனாக் காலத்தில் கோவிட் என்ற ஆங்கிலச் சொல் 'ஊழுஏஐனு' என்று அறிவித்தல்களிலேயே வந்தது இதனால்தான். ஆகவே முழுத் தாளையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், தமிழ்ப் பந்திகளை மட்டும் மாற்றிவிட்டு சூத்திரங்களையும் அளவீட்டு அலகுகளையும் கையால் அடியுங்கள். நாலு வருடத் தாளையும் மாற்றவேண்டிய அவசியமில்லை. பழையவற்றை பிடிஎஃப்பாகப் போட்டு, கோப்பின் பெயரில் ஆண்டு, தவணை, தரம் மூன்றையும் எழுதுங்கள். இனி அடிப்பதை யுனிகோடில் அடியுங்கள். பாமினித் தட்டச்சுக்குப் பழகிய கைக்கு, அதே விசைகளில் யுனிகோட் தருகிற இலவசச் செயலிகளும் உண்டு.

வெளியார் எழுதியவை பற்றி இரண்டு வரி. பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும், கடந்தகால வினாத்தாள்கள் பரீட்சைத் திணைக்களத்தின் தளத்திலும் இருக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவவில் தமிழ்மொழிப் பாடங்கள் உண்டு. அவற்றை இறக்கி மறுபடி ஏற்றாமல் இணைப்புக் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறதுதான். ஆனால் வகுப்பில் 34 பிரதி கொடுப்பதும், ரியூசன் மாஸ்ரர் ஒருவரின் முழுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து உலகத்துக்கே திறந்து வைப்பதும் ஒன்றல்ல.

பிள்ளைகளின் புள்ளியும் முகமும்

சுட்டெண் மட்டும் போட்டால் ஆளைத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். 34 பேர் இருக்கும் வகுப்பில் இடாப்பு வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். 17ஆம் இலக்கம் யார், 22 எடுத்தது யார் என்று அன்று பின்னேரமே கடைவாசலில் கதை நடக்கும். புள்ளி பிள்ளைக்கும் வீட்டுக்கும் உரியது. முன்னேற்ற அறிக்கையில் போகட்டும், தளத்தில் வேண்டாம்.

படங்கள் விடயத்தில் நீங்கள் தயங்குவது கடிதத்திலேயே தெரிகிறது. அந்தத் தயக்கம் சரி. சப்பாத்துப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, கொடுத்தவரோடு கமராவைப் பார்த்து நிற்கிற பத்து வயதுப் பிள்ளை, நாளைக்கு இருபது வயதில் வேலை தேடும். அதன் பெயரைத் தேடுகிறவருக்கு அந்தப் படம் வந்து நிற்கும். கொடுத்தவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் உதவி என்றாலே படம் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சட்டமும் இந்தப் பக்கம்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பற்றிய தரவைச் சிறப்புக் கவனம் வேண்டிய வகைக்குள் வைக்கிறது. பிள்ளைக்காகச் சம்மதம் சொல்லவேண்டியவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் பாடசாலைத் தளங்களுக்கு நான் வைத்திருக்கும் விதி சட்டத்தைவிட எளிது: முகமும் பெயரும் ஒரே பக்கத்தில் வரக்கூடாது. விஞ்ஞானக் கண்காட்சியா, செய்த மாதிரியுருவைப் படமெடுங்கள், கைகள் தெரியட்டும். முகம் வந்தே ஆகவேண்டுமானால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதை வாங்கும்போது, அவர் மறுத்தாலும் பிள்ளைக்கு ஒன்றும் குறையாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதிபரின் மேசைக்கு முன் நின்று ஒரு அம்மா லேசில் 'இல்லை' என்று சொல்லமாட்டார்.

கனடா அண்ணனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "படம் போடேலாது அண்ணை, பிள்ளைகளின்ர விசயம். ஆனா தளத்தில நன்றி எண்டு உங்கட வருசத்து மாணவர்களின்ர பெயரில ஒரு வரி போடுறன்." பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள். தங்கள் பிள்ளைகளின் பாடசாலையில் இதைவிடக் கடுமையான படிவங்களில் கையெழுத்து வைத்துப் பழகியவர்கள் அவர்கள்.

போன் இல்லாத ஒன்பது பேர்

தளம் வந்த பிறகு இந்த ஒன்பது பேரும் முன்பைவிடப் பின்னுக்குப் போகக்கூடாது. "தளத்தில இருக்கு, பாருங்கோ" என்று வகுப்பில் சொல்லும் முதல் நாளே அது தொடங்கிவிடும். அந்த 85,000இல் ஒரு பங்கை அண்ணன் இதற்குத் தரட்டும். ஒவ்வொரு அலகின் பிடிஎஃப்பிலும் ஒன்பது போட்டோக்கொப்பி எடுங்கள். மற்ற 25 பேருக்கும் தெரியாத மாதிரி ஒளித்துக் கொடுக்காமல், வகுப்பு நூலகக் கட்டு என்று மேசையில் வைத்துவிடுங்கள், யாரும் எடுக்கலாம்.

இன்னும் காசு மிஞ்சினால் ராஸ்பெரி பை ஒன்று கேளுங்கள். உள்ளங்கை அளவுக் கணினி, 5 வோல்ட்டில் ஓடும், கறண்ட் போனாலும் நல்ல பவர்பேங்க் ஒன்றில் ஒரு பாடவேளை தாக்குப்பிடிக்கும். அதையே வைபை பெட்டியாக்கி, கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இணையம் இல்லாமல் வகுப்பில் வாசிக்கலாம். உங்கள் குறிப்புகளையும் அதற்குள் வைக்கலாம். லப்டொப்பும் பாடசாலைக் கணினிகளும் அதில் இணையும். தரம் 6இன் தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியாது. ஆனால் இது இரண்டாம் வருட வேலை. முதல் தவணையிலேயே எல்லாவற்றையும் தொடங்கினால் ஒன்றும் முடியாது.

பெயர்

உங்கள் பெயர் வேண்டாம், காரணம் மேலே சொன்ன அதே இடமாற்றம்தான். ஊர்ப் பெயரையும் முகவரியில் முழுதாகப் போடாதீர்கள். ஒட்டுசுட்டானையும் புதுக்குடியிருப்பையும் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று வீதிப் பலகைகளைப் பார்த்தாலே தெரியும். எத்தனை 'டி', எத்தனை 'யு' என்று பிள்ளை குழம்பும். பாடசாலையின் முதலெழுத்துகளும் பாடமும் சேர்த்துச் சுருக்கமாக ஒன்று போதும். தலைப்பைப் பக்கத்தில் தமிழில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அதைக்கூடப் பிள்ளை தட்டத் தேவையில்லை. லப்டொப்பில் குரோமில் தளத்தைத் திறந்தால், அந்த முகவரிக்குக் கியூஆர் குறியீட்டை குரோமே செய்து தரும். இலவசம் என்று சொல்லும் வேறு தளங்களில் செய்யாதீர்கள், சிலவற்றின் குறியீடு சில நாளில் காலாவதியாகிக் காசு கேட்கும். ஒரு ஏ4 தாளில் இருபது அடித்து வெட்டி, விஞ்ஞானக் கொப்பியின் பின் மட்டையில் உள்பக்கமாக ஒட்டச் சொல்லுங்கள், மழையில் நனையாது. வெட்டுவதற்கு முன், போட்டோக்கொப்பி எடுத்த அதே தாளை உங்களிடம் இருக்கிற ஆகப் பழைய போனால் ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். மை மங்கியிருந்தால் அது வாசிக்காது.